முதல் ஆல்பக்காரர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் முருங்கைக்கீரை உருவுவது சுகுணாவின் வேலை. கொல்லையில் ஒடித்துப் போட்ட கொப்பிலிருந்து இணுக்கு இணுக்காக எடுத்து, ஒரே இழுப்பில் இலையை முறத்தில் உதிர்த்து, ஈர்க்கைத் தனியே போட்டுக்கொண்டே இருப்பாள். கூடமாட ஒத்தாசை செய்கிறேன் என்று எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பவர் அவள் கணவர் செம்மல். அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். அவர் கையிலும் ஓர் இணுக்கு இருக்கிறது. உட்கார்ந்தபோது எடுத்த அதே இணுக்கு. இலை ஒன்றுகூட உதிரவில்லை. என்ன செய்வது, அலமாரியில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்கிறது. பாட்டில் அந்த இடம் வரப்போகிறது. அது வரும்வரை கை அந்தரத்தில் நிற்கும், கீரை காத்திருக்கும், உலை காத்திருக்கும்.

“இப்ப வரும் பாரு” என்கிறார், விரலை உயர்த்தி.

டமார் என்று டிரம்மில் ஒரு தட்டு.

“கேட்டியா?”

“கேட்டேன்.”

“இல்ல, நீ கேக்கல. இரு, திரும்பப் போடுறேன்.”

வாசகர்களே, இந்த மனிதரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள், இது ஓர் இனம். முதல் ஆல்பக்காரர் என்று பெயர். வெயில், மழை, மின்வெட்டு எதிலும் வாடாது. எல்லா ஊரிலும் முளைக்கும். ஆனால் அறந்தாங்கியில், அதிலும் ஆல்டர்னேட்டிவ் ராக் என்கிற இங்கிலீஷ் பாட்டில் முளைத்தது இது ஒன்றுதான். அந்தப் பெருமை அதற்கும் உண்டு.

இந்த இனத்தின் கொள்கை எளிது. எந்த இசைக்குழுவாக இருந்தாலும் அது போட்ட முதல் ஆல்பம்தான் ஆல்பம். அதை அவர்கள் யாருடைய வீட்டுக் கார் ஷெட்டிலோ, கடன் வாங்கிய மைக்கில், பசித்த வயிற்றோடு பதிவு செய்திருக்க வேண்டும். அட்டையில் படம் கோணலாக இருக்க வேண்டும். அது வெளிவந்த காலத்தில் உலகத்தில் ஒரு கல்யாணப் பந்திக்குக் காணாத அளவு ஆட்களே அதை வாங்கியிருக்க வேண்டும். இரண்டாவது ஆல்பம் பரவாயில்லை, ஆனால் அதில் ஒரு சந்தேகத்துக்கிடமான சுத்தம் தெரிகிறது. மூன்றாவது ஆல்பத்துப் பாட்டு ரேடியோவில் வந்துவிட்டது. ரேடியோவில் வந்தால்? போச்சு.

செம்மலின் குழுவுக்கு ‘ரஸ்டி கேலண்டர்ஸ்’ என்று பெயர். குளிர் அடிக்கும் ஏதோ ஒரு துறைமுக ஊர்க்காரர்கள். முதல் ஆல்பம் ‘எம்ப்டி டேங்க்’. அட்டையில் துருப்பிடித்த ஒரு தண்ணீர்த் தொட்டி. பாட்டுகளின் பெயரைச் செம்மல் சொல்லமாட்டார். “முதல் பக்கம் மூணாவது” என்பார், “ரெண்டாம் பக்கம் கடைசிக்கு முந்தினது” என்பார், நமக்கும் அந்தக் கேசட் மனப்பாடம் என்பதுபோல. முதல் பக்கம் நான்காவது பாட்டில் பாடகர் நடுவில் ஒரு தடவை இருமுவார். இருமலை வெட்டாமல் விட்டுவிட்டார்கள். “அந்த இருமல் இருக்கு பாரு, அதுதான் ஆல்பம். மத்ததெல்லாம் அதுக்குப் பின்னணி.” போன வருஷம் கம்பெனிக்காரர்கள் அந்த ஆல்பத்தைத் துலக்கிப் புதிதாக நெட்டில் விட்டபோது இருமலை எடுத்துவிட்டார்கள். செம்மல் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“இருமலை எடுத்துட்டானுங்க சுகுணா.”

“யாருக்குங்க இருமல்?” என்று அவள் அவசரமாக அஞ்சறைப்பெட்டியைத் திறந்து மிளகைத் தேடினாள்.

இந்தச் சீக்கு அவருக்குத் தொற்றியது மஸ்கட்டில். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே எலக்ட்ரீஷியன் வேலை. அறையில் மேல்கட்டிலில் படுத்திருந்த கோவாக்காரர் ஒருவர் தொற்றவைத்தார். அறந்தாங்கிப் பக்கம் வெளிநாட்டில் வேலை பார்த்தவர் திரும்பி வந்து பெட்டி பிரிப்பது என்பது சின்னத் திருவிழா. சொந்தபந்தம் சுற்றி உட்கார்ந்திருக்கும். தைலம் யாருக்கு, சோப்பு யாருக்கு, அந்தப் பூப்போட்ட கம்பளி யாருக்கு என்று மனக்கணக்கு ஓடும். செம்மல் பெட்டியைத் திறந்தார். மேலே கொஞ்சம் தைலம். கீழே முழுக்கக் கேசட். சொந்தபந்தம் எட்டிப் பார்த்தது. தங்கை அன்புமொழிதான் வாயைத் திறந்தாள்: “இதுல நம்ம கேக்குற பாட்டு ஏதும் இருக்காண்ணே?”

“இருக்காது” என்றார் செம்மல். இத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு நிறைவாகச் சொன்ன வார்த்தை வேறு இல்லை.

சரி, தான் ரசிப்பதை இன்னொருவரும் ரசித்தால் மனிதனுக்குச் சந்தோஷம்தானே? அங்கேதான் நீங்கள் இந்த இனத்தைத் தப்பாகப் புரிந்துகொள்கிறீர்கள். ஒரு நாள் கடைக்குப் பேட்டரி பார்க்க வந்த பேங்க் மேனேஜர், உள்ளே ஓடிய பாட்டைக் கேட்டு, “அட, ரஸ்டி கேலண்டர்ஸா! எனக்கும் உயிர்” என்றார். செம்மல் முகத்தில் விளக்கெரியும் என்றல்லவா எதிர்பார்ப்பீர்கள்? பூட்டிப் போட்ட தன் வீட்டுக்குள் விளக்கெரிவதைத் தெருவில் நின்று பார்த்தவர் முகம் மாதிரி ஆகிவிட்டது. “எந்த ஆல்பம் சார்?” என்று கேட்டார். அது கேள்வி இல்லை, பொறி. மூன்றாவது என்று சொன்னால் நீங்கள் ஒழிந்தீர்கள். முதலாவது என்று சொன்னாலோ செம்மல் ஒழிந்தார். பாவம், மேனேஜர் மூன்றாவது என்றார். செம்மல் நிம்மதியாக மூச்சு விட்டு, பேட்டரியில் நியாயமான தள்ளுபடி கொடுத்து அனுப்பினார்.

பாட்டோடு நின்றால் பரவாயில்லை. நிற்காது. ஆலங்குடி சாலையில் பரோட்டா கடை கீற்றுக்கொட்டகையாக இருந்தபோது சால்னா சால்னாவாக இருந்தது. டைல்ஸ் ஒட்டினான், போச்சு. பல் டாக்டர் மாடிப்படிக்குக் கீழே ஒற்றை நாற்காலி போட்டிருந்தபோது கை லேசு. ஏசி வைத்தார், போச்சு. மீன்குழம்புக்கும் இதே கதி.

“கல்யாணமான புதுசுல வச்சியே சுகுணா, ஒரு காரப்பொடிக் குழம்பு. அதுல ஒரு இது இருந்துச்சு.”

“அன்னைக்கு என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

“என்ன சொன்னேன்?”

“எங்கம்மா வைக்கிற மாதிரி இல்லன்னு சொல்லிட்டு, மோரை ஊத்திக்கிட்டு எந்திரிச்சுப் போனீங்க.”

செம்மல் யோசித்துப் பார்த்துவிட்டு, “அம்மாவும் கடைசிக் காலத்துல மசாலா பாக்கெட்டுக்கு மாறிட்டாங்க” என்றார்.

இந்த இனம் பொதுவாகத் தீங்கற்றது. ஆனால் கையில் மைக்செட் மட்டும் கிடைக்கக் கூடாது. செம்மலுக்குக் கிடைத்தது. மணமேல்குடியில் வாழ்க்கைப்பட்ட அன்புமொழி தன் சின்ன மகளுக்குக் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். சீர்த்தட்டும் மாலையும் தாய்மாமன் பொறுப்பு. மைக்செட்டும் நானே ஏற்பாடு செய்கிறேன் என்று அவர் சொன்னபோது தங்கை பூரித்துப் போனாள். யோசித்திருக்க வேண்டும். மைக்செட் ஆண்டியப்பன் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு வந்ததும் அவர் கையில் ஒரு பென்டிரைவைத் திணித்து, “நான் பிள்ளையை மடியில வச்சதும் போடு” என்று சொல்லிவிட்டுப் போனார் செம்மல்.

மணையில் உட்கார்ந்தார். பிள்ளை மடிக்கு வந்தது. ஆசாரி ஊசியைத் துடைத்தார். சுற்றிலும் பெண்கள் குனிந்து, “அழக்கூடாதுடா தங்கம், மாமா மிட்டாய் தருவாங்க” என்று அழாத பிள்ளையை அழவைக்கும் வேலையைத் தொடங்கினார்கள். ஆண்டியப்பன் பட்டனை அழுத்தினார்.

‘எம்ப்டி டேங்க்’, முதல் பக்கம், முதல் பாட்டு. அது எப்படித் தொடங்கும் என்றால், கிதாரை ஸ்பீக்கருக்கு முன்னால் கொண்டுபோய்ப் பிடித்து, அது வீறிடுவதை அப்படியே விட்டு, அந்த வீறிடல் இன்னும் மேலே ஏறி, இனி ஏறவே முடியாது என்ற இடத்தில் நின்று, நின்றுகொண்டே இருக்கும். கேட்டால் “வலி” என்பார் செம்மல். மணமேல்குடித் தென்னந்தோப்பு மேலே அது புறப்பட்டபோது காகங்கள் மொத்தமும் எழுந்தன. ஆண்டியப்பன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடினார்.

“ஆம்ப்ளிபயர் போச்சு! ஆம்ப்ளிபயர் போச்சுண்ணே! எல்லாரும் தள்ளிப் போங்க!”

“ஆண்டியப்பா, அதைத் தொடாதே! அது பாட்டுடா!” மடியில் பிள்ளை, காதருகே ஊசி, செம்மலால் எழ முடியவில்லை.

“பாட்டா? என்னண்ணே சொல்றீங்க, கெடந்து ஊளையிடுதுண்ணே!”

“அப்படித்தான்டா ஊளையிடணும்!”

“அண்ணே, எனக்குப் பொழப்பே இந்த செட்டுதாண்ணே!” என்று ஆண்டியப்பன் ஒயரைப் பிடுங்கிவிட்டார். தோப்பில் சட்டென்று அமைதி. அப்போதுதான் எல்லோரும் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்கள். அது வாயைப் பிளந்துகொண்டு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆசாரி, கிடைத்த நேரத்தை வீணாக்காத மனிதர், இரண்டு காதையும் முடித்திருந்தார். பிள்ளை அழவே இல்லை. அழ மறந்துவிட்டது.

அவ்வளவுதான். கடற்கரைப் பக்கம் செய்தி பரவிவிட்டது. இன்றைக்கு அங்கே எந்தக் காதுகுத்தாக இருந்தாலும் ஆசாரி ஊசியை எடுத்ததும் யாராவது ஒரு பெண் குரல் கொடுப்பாள்: “ஆண்டியப்பண்ணே, அந்த ஊளைப் பாட்டைப் போட்டு விடுங்க!” ஆண்டியப்பன் இப்போது அதைக் கேட்டு ஓடுவதில்லை, தலையைக்கூட ஆட்டுகிறார். ஒரு தாய்மாமனின் இசைத்தொண்டுக்கு இதைவிட வேறென்ன வெற்றி வேண்டும்? செம்மல் என்ன சொன்னார் தெரியுமா?

“அந்தப் பாட்டு முன்ன மாதிரி இல்ல சுகுணா. எல்லாக் காதுகுத்துலயும் போட ஆரம்பிச்சதுல கெட்டுப்போச்சு.”

இனி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். முறம் அங்கேயே இருக்கிறது. கீரை பாதி முடிந்திருக்கிறது.

திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் சத்யபிரியா முதல் நாள் சாயங்காலமே பஸ் ஏறி வந்திருந்தாள். துணி துவைக்க வந்தேன் என்றாள். கொண்டுவந்தது இரண்டே சுடிதார். விஷயம் வேறு என்று சுகுணாவுக்குத் தெரியும். பிள்ளை கிதார் பழகியிருந்தாள். சொந்தமாக ஒரு பாட்டும் கட்டியிருந்தாள், விடுதிக் குழாயில் தண்ணீர் வராத ஒரு காலையைப் பற்றி. வருகிற சனிக்கிழமை கல்லூரி ஆண்டு விழா. கூடப் பாடும் தோழிகள், எல்லாருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டைப் பாடிவிடலாம், எதற்கு வம்பு என்கிறார்கள். தன் பாட்டா, சினிமாப் பாட்டா? இன்றைக்கே அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ராத்திரி சுகுணாவிடம் போட்டுக் காட்டினாள். சுகுணா, “எனக்குப் புடிச்சிருக்குடி” என்றாள்.

“நீ அம்மா. நான் இருமுனாக்கூட நல்லாருக்கும்ப.”

“ஒங்கப்பாவுக்கும் இருமல் புடிக்கும்.”

பிள்ளை சிரித்தாள். ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும், அவளுக்கு வேண்டியது செம்மல் வாயிலிருந்து ஒரு வார்த்தை. நல்லாருக்கு. அது கிடைத்தால் மேடை ஏறுவாள். கிடைக்காவிட்டால் சினிமாப் பாட்டு. அந்த வீட்டில் பாட்டு தெரிந்தவர் அவர் ஒருவர்தானே!

ஸ்பீக்கரில் ரஸ்டி கேலண்டர்ஸை நிறுத்திவிட்டு, “அப்பா, ஒண்ணு போடுறேன். கேளுங்க” என்றாள் சத்யபிரியா. தரையில் உட்காராமல், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாட்டு தொடங்கியது. செம்மல் கண்ணை மூடிக்கொண்டார். சுகுணா அவரைப் பார்த்தபடியே கீரையை உருவினாள். வழக்கப்படி இப்போது விரல் உயர வேண்டும். உயரவில்லை. “இங்க டிரம்ஸ் லேட்டு” என்று வாய் முணுமுணுக்க வேண்டும். முணுமுணுக்கவில்லை. அதற்குப் பதிலாக, காலையிலிருந்து அந்தரத்தில் நின்ற கை கீழே இறங்கி, அந்த இணுக்கை ஓர் இழுப்பு இழுத்தது. அடுத்த இணுக்கை எடுத்தது. பாட்டின் தட்டுக்குத் தப்பாமல், சரக் சரக் என்று, இலையும் ஈர்க்கும் பழுப்பும் எல்லாமாகச் சேர்ந்து முறத்தில் விழுந்துகொண்டே இருந்தன. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் இவ்வளவு கீரை உருவி அவள் பார்த்ததில்லை. ‘புடிச்சிருக்கு’ என்று சுகுணாவுக்குத் தெரிந்துவிட்டது. ‘முருகா, இவரை இந்த ஒரு தடவை பேசாம வச்சிரு. இல்லாட்டி ஒரே ஒரு வார்த்தை பேச வச்சிரு.’

பாட்டு முடிந்தது. செம்மல் கண்ணைத் திறந்தார். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலிலேயே சுகுணாவுக்கு நம்பிக்கை போய்விட்டது.

“ஆத்தா, இது எல்லாருக்கும் புடிச்சுப்போயிரும்போல இருக்கே” என்றார், ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்துக் காட்டுகிறவர் மாதிரி. “மொதல்ல வாட்ஸ்அப்புல ஒண்ணு அனுப்பினியே, இதே பாட்டுதானே அது? அதுல ஒரு உண்மை இருந்துச்சுத்தா. இதுல அது கொஞ்சம் கழண்டு போச்சு.”

சத்யபிரியா போனை எடுத்துத் தேய்த்தாள். அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இந்தாங்க. இதானே நீங்க சொல்றது?”

“அதேதான். என்ன குரல் அது! பச்சையா…”

“வாய்ஸ் மெசேஜைக் கேட்டுட்டா இந்தக் குட்டி மைக் நீலமாயிரும்ப்பா. இது இன்னும் சாம்பக் கலராத்தான் கெடக்கு. நீங்க இதைக் கேக்கவே இல்ல.”

செம்மல் முறத்தைப் பார்த்தார்.

“நெட்டு கெடைக்கலத்தா.”

“ஒரு மாசமாவா?”

அழப்போகிறாள் என்று நினைத்து சுகுணா எழப்போனாள். பிள்ளை அழவில்லை. அவள் உதட்டோரம் என்னவோ மெல்லத் துடித்து, அது சிரிப்பாக மாறியது. போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தபடியே யாரிடமோ சொன்னாள்:

“ஏய், நம்ம பாட்டுதான்டி. ஆமா, முடிவு பண்ணியாச்சு. எங்கப்பா கேட்டாரு. எல்லாருக்கும் புடிச்சுப்போயிரும்னு பயப்படுறாருடி. அவரு பயந்தா சரியாத்தான் இருக்கும். அந்தக் காதுகுத்துப் பாட்டுக்கும் இப்படித்தான் ஆச்சு!”

செம்மல் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, தன் போனில் அந்தப் பழைய மெசேஜைத் தோண்டியெடுத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார். சுகுணா முறத்திலிருந்த ஈர்க்குகளைப் பொறுக்கத் தொடங்கினாள்.

அவர் கேட்டு முடிக்கும்வரை நமக்கும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. உங்களிடம் ஒன்று கேட்கலாமா? உங்கள் தெரு மெஸ்ஸில் சாம்பார் முன்னே மாதிரி இருக்கிறதா? உங்கள் ஊர்த் திருவிழா? உங்கள் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் போட்ட கோலப்பொடிக் கோழிக்குஞ்சை வைத்திருக்கிறீர்களே, நேற்று அவன் காட்டிய படத்தை முழுசாகப் பார்த்தீர்களா? ராக் எல்லாம் எனக்குத் தெரியாதுங்க என்று நழுவ வேண்டாம்; இந்த இனத்துக்குப் பாட்டு கட்டாயமில்லை, பழசை நினைத்து விட ஒரு பெருமூச்சு போதும். இப்போதுகூடப் பாருங்கள், இந்தச் சித்திரம் கீரை உருவுகிற இடத்தில் நன்றாகத்தான் இருந்தது, காதுகுத்துக்குப் பிறகு கொஞ்சம் தளர்ந்துவிட்டது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதற்கு வாயெடுத்தீர்களா, இல்லையா? எடுத்திருந்தால் மூடிக்கொள்வது நல்லது. பக்கத்தில் இருப்பவர் எத்தனை நாளைக்குத்தான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்?

செம்மல் ஹெட்போனைக் கழற்றினார்.

அது விடுதிக் குளியலறையில் பதிவு செய்தது. எதிரொலிக்கு ஆசைப்பட்டுப் பிள்ளை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு பாடியிருக்கிறாள். பாட்டு நெடுக யாரோ ஒருத்தி கதவைத் தட்டி, “எவடி அது உள்ள? சீக்கிரம் வெளிய வாடி!” என்று கத்திக்கொண்டே இருக்கிறாள். பாதிக்கு மேல் பாட்டே கேட்கவில்லை. செம்மல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“சுகுணா.”

அவள் நிமிர்ந்தாள்.

“இதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கதவைத் தட்டுறது கொஞ்சம் வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கு. இதுக்கும் முன்னாடி ஒண்ணு பாடியிருப்பாளே, மொத மொத? அது ஒன்கிட்ட இருக்கா?”

சுகுணா முறத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.